முப்பத்தெட்டாம் எண்ணின் தட்டு

தம்பி கல்யாண விருந்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர். சாப்பாட்டுப் பட்டியலை, "நீதான் பொறுமைசாலி" என்று சொல்லியே என் தலையில் கட்டிவிட்டார்கள். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவளுக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் அது.

யாருக்கு எது ஆகாது என்று எழுதச் சொல்லி எல்லோருக்கும் போனில் ஒரு படிவம் அனுப்பினேன். வேர்க்கடலை ஆகாதவர்கள் ஏழு பேர், கோதுமை ஆகாதவர்கள் நான்கு பேர், பால் ஆகாதவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பதில் மூன்று பேருக்கு ஐஸ்கிரீம் மட்டும் ஆகுமாம். பெரியப்பா, "சர்க்கரை அறவே கூடாது, கேக் பரவாயில்லை" என்று எழுதியிருந்தார்.

அக்கா தினமும் உதவிக்கு வந்து உட்காருவாள். உதவி என்றால், நான் பட்டியல் போடுவேன், அவள் திட்டுவாள்.

"ஆளுக்கொரு நாக்கு, ஆளுக்கொரு வயிறு. ஒரு வேளை கம்முனு இருந்தா உயிரா போயிடும்?" என்பாள். கையிலிருக்கும் சின்ன பாட்டிலில் ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு மூடி வைப்பாள்.

முப்பத்தெட்டாவது படிவத்தில் பெயர் இல்லை, யார் போனிலிருந்து வந்தது என்றும் தெரியவில்லை. உப்பு கூடாது, பருப்பு கூடாது, தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் கூடாது, தண்ணீர் அளந்துதான். கடைசியில், "முடியாவிட்டால் பரவாயில்லை." அந்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லோரும் முடியாவிட்டால் சண்டைக்கு வருகிற தோரணையில் எழுதியிருந்தார்கள்.

சமையல் மாஸ்டரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"இது கிட்னி கெட்டுப்போனவங்க சாப்பாடும்மா. என் மச்சானுக்கு நாலு வருஷமா இதான். காயை ரெண்டு தடவை வேகவெச்சு, தண்ணியை வடிச்சுக் கொட்டணும். யாரும்மா இவங்க?"

"அதான் தெரியல மாஸ்டர்."

"எப்படியாவது கண்டுபிடிங்க. இல்லேன்னா பட்டினியாத்தான் திரும்புவாங்க. என் மச்சான் எல்லா விருந்துலயும் சிரிச்சுக்கிட்டே பட்டினி கிடப்பான்."

இரண்டு நாள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். "எனக்கா? எனக்கென்ன கேடு?" என்று பாதிப்பேர் கோபித்துக்கொண்டார்கள். "உன் முப்பத்தெட்டு சிக்கியாச்சா?" என்று தம்பி கேலி செய்தான். அக்கா வழக்கம்போல, "பேரைச் சொல்லத் துப்பில்லாதவங்களுக்காக நீ ஏன்டி அலையுற? விட்டுத்தள்ளு" என்றாள். விட முடியவில்லை. யாரோ ஒருவர் நம் வீட்டு விசேஷத்தில் வெறும் வயிற்றோடு கைகுலுக்கிவிட்டுப் போவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன்: "பெயர் எழுதாதவருக்கு: உங்கள் தட்டு சமையலறை வாசல் மேசையில் மூடியிருக்கும். யாரும் எதுவும் கேட்க மாட்டோம்."

விருந்தன்று காலையிலிருந்து எனக்கு ஒரு வாய் காப்பி கூட இல்லை. காலிரண்டும் வீங்கிப்போயின. பால் ஆகாதவர் பாயசக் கிண்ணத்தோடு நிற்கிறார், கடலை ஆகாதவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நடுநடுவே அந்த மேசையை எட்டிப் பார்த்தேன். ஒரு மணிக்கும் தட்டு மூடியே இருந்தது, இரண்டு மணிக்கும் மூடியே இருந்தது.

கோதுமைக்காரர் ஒருவரைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது மூடி திறந்திருந்தது. கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரும் வரலடி. வீணாப் போகுதேன்னு..."

இரண்டு கவளம் சாப்பிட்டாள். அந்தச் சின்ன பாட்டிலை எடுத்தாள். அதில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தது. இத்தனை நாள் என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. கோடுவரை பார்த்துக் குடித்துவிட்டு மூடினாள்.

பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தேன்.

"எத்தனை மாசமா?"

அவள் நிமிரவில்லை. "எட்டு."

"அடிப்பாவி."

"கத்தாதடி. தம்பிக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் அப்படியே விட்டுட்டு, என் கிட்னியை எடுத்துக்கோன்னு வந்து நிப்பான். உனக்குத் தெரியாதா அவனை?"

தெரியும். நிற்பான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, அப்புறம் வெட்கமாக இருந்தது. நானூறு பேர் வயிற்றை விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். கூடப்பிறந்தவளை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளைக் கோலத்தில் தம்பி வந்து நின்றான்.

"என்ன, முப்பத்தெட்டு வந்தாச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள். எட்டு மாதத்துப் பயம் அந்தப் பார்வையில் இருந்தது.

"வரலடா. வீணாப் போகுதேன்னு இவ சாப்பிடுறா," என்றேன்.

"அது சரி! ஊரையே திட்டிட்டு, கடைசியில அவங்க தட்டையே காலி பண்றியா?" அவள் கரண்டியைப் பிடுங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டான். முகம் சுளித்தான். "சே, உப்பே இல்ல! எப்படிக்கா இதைச் சாப்பிடுற?"

"பசிடா," என்றாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்குச் செய்த வேலையிலெல்லாம் என்னை ஓய்த்துப் போட்டது அந்தச் சிரிப்புதான்.

அவன் போனதும் சொன்னேன்: "பத்து நாள். அவங்க ஊர் சுத்திட்டு வந்ததும் நீயே சொல்லணும். இல்லேன்னா நான் சொல்லிடுவேன்."

தலையாட்டினாள். பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல. ரெண்டு வாய் போட்டுக்கோ."

நான் தட்டைத் திருப்பி அவள் பக்கமே நகர்த்தினேன்.

"இது உனக்குன்னு செஞ்சது. முழுசும் நீதான் சாப்பிடணும்."