விரத வாய்

...எறும்புதானே, மழைக்காலத்தில் வராத எறும்பா, ஐப்பசி மழையில் சிராங்கூன் ரோட்டுக் கால்வாய் நிரம்பினால் அதுவும் பாவம் எங்கே போகும், வீட்டுக்குள்தான் வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இராசேஸ்வரி குளியலறைக் கல்லில் சீருடையை மறுபடி அடித்தாள், சவுக்காரம் போட்டு ஒரு தரம், எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு தரம், இனி வெளுக்க என்ன இருக்கிறது, துணி நைந்து போவதுதான் மிச்சம்... ஆனால் அந்த வாசனை போகவில்லையே. ஆஸ்பத்திரியில் மருதப்பன் செத்துப்போன நாளிலிருந்து அது அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறது. வார்டை வார்டிலேயே விட்டுவிட்டு வரத் தெரிந்தவள்தான் அவள், ஈரல் கெட்டு மஞ்சளாய்க் கிடந்தவர்கள், நீர் பிரியாமல் முகம் ஊதிப்போனவர்கள் என்று எத்தனை பேரைத் துடைத்துத் திருப்பிப் படுக்க வைத்திருக்கிறாள், ஒருவருடைய நாற்றமும் இந்த வாசற்படி தாண்டியதில்லை, இந்த மனிதர் மட்டும் எப்படி உள்ளே வந்தார்? அளவுக்கு மீறிக் கனிந்த கொய்யாப்பழத்தைச் சம்புடத்தில் மூடி வைத்துத் திறந்தது போல ஓர் இனிப்பு, தொண்டையில் போய் உறுத்துகிற இனிப்பு. கூடத்தில் அடிக்கிறது, தலையணையில் அடிக்கிறது, விடியற்காலையில் கண் விழித்தால் முகத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. பேய் என்றால் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டுதான் வரவேண்டுமா என்ன, வாசனையாகவும் வரலாம் போலிருக்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது, நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு இப்படியொரு பயமா என்று வெட்கமாகவும் இருந்தது.

சீருடையைப் பிழிந்தாள். திரைக்கு அப்பால் கூடத்தில் அவள் புருஷன் பேரின்பநாயகம் தூங்கிக்கொண்டிருந்தார், மூச்சு இங்கேவரை கேட்டது, நல்ல ஆழமான மூச்சு, தூங்கட்டும், இன்றைக்குத்தான் கந்தசட்டி விரதத்தின் கடைசி நாள், சாயங்காலம் டேங்க் ரோட்டு முருகன் கோயிலில் சூரன் தலை விழுவதைப் பார்க்கவேண்டும், நாளைக்குப் பாரணை, அதற்குப் பிறகு அவள் கையால் பருப்பும் சோறுமாகப் பிசைந்து... இந்த ஆறு நாளும் தண்ணீரும் மிளகுமாகவே கிடந்துவிட்டார், ஆபீசுக்கும் லீவு சொல்லிவிட்டார். உண்மையில் விரதம் அவளுடையது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று ஊரும் உறவும் கல்யாணமான நாளிலிருந்து அவள் காதில்தான் ஓதுகிறது, அவர் காதில் யாராவது ஓதுகிறார்களா? ஆனால் இந்த முறை அவர்தான் சொன்னார், "நீர் வார்ட்டிலை மயங்கி விழுந்தால் ஆர் பாக்கிறது? இந்தமுறை நான் பிடிக்கிறன், முருகனுக்கு ஆர் பிடிச்சாலும் ஒண்டுதானே." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. பிள்ளை வரம் கேட்டுப் பட்டினி கிடக்கிற ஆம்பிளையைச் சிங்கப்பூரில் வேறு எங்கே பார்த்தாள் அவள்? தஞ்சோங் பகார் ஆபீசில் கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்களாம், நாயகம் இடுப்புவாருக்குப் புது ஓட்டை போடவேண்டியதுதான் என்று. ஓட்டையை அவள்தான் போட்டுக் கொடுத்தாள், ஆணியைச் சூடாக்கி. அது எப்போது... விரதம் தொடங்கிய பிறகா, முன்னாலா? பிறகுதான். பிறகாகத்தான் இருக்கவேண்டும்.

மருதப்பனுக்கு இடுப்பில் கயிறு கட்டியிருந்தது, காற்சட்டை நிற்கவில்லை. அவரும் தஞ்சோங் பகார்தான், கப்பலில் மூட்டை தூக்குகிறவர், இரண்டு பேர் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள், பின்னால் அவர் பெண்சாதி பூவம்மா, செருப்பில்லாத கால். கட்டிலில் கிடத்தியதுமே வாசனை வந்துவிட்டது, குனிந்து முகர வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய சிறுநீரை எடுத்துச் சர்க்கரை பார்க்கிற நீல மருந்தில் விட்டு விளக்கில் காட்டினாள், கண்ணாடிக் குழாயில் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, ஒரு கணம்கூட நிற்காமல் செங்கல் சிவப்பில் போய் உட்கார்ந்தது. இனிப்புநீர், சர்க்கரை வியாதி. முற்றிப்போய், மயக்கத்தில் வந்த இனிப்புநீர். ஊசி, குளுக்கோஸ் இல்லாத உப்பு நீர், மணிக்கு மணி குழாய்ச் சோதனை, டாக்டர் ஓடி வந்தார், எல்லாரும் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், வந்ததே பிந்தி வந்தால் யார் என்ன செய்ய முடியும்? யாரோ துரத்த ஓடிவந்தவரைப் போல அவர் மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தார், தூக்கத்திலேயே. பூவம்மா அவளுடைய சீருடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "ஒரே தாகம் தாகம்னாரு மிஸ்ஸி, தண்ணி குடுத்தேன், அப்புறம் அசந்து தூங்கிட்டாரு, மூட்டை தூக்குற மனுசன், இப்பவாச்சும் நல்லாத் தூங்கட்டும்னு விட்டுட்டேன்... நடுவுல கூப்பிட்டேன் மிஸ்ஸி, 'உம்'முன்னாரு." அப்போது அவள் என்ன சொன்னாள்? நினைக்காமல் இருக்க முடியவில்லையே. "கூடவே இருக்கீங்க, ஒரே பாயில படுக்கிறீங்க, இது கூடவா தெரியாமப் போச்சு?" என்றாள். சொன்ன தோரணை வேறு, கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு. பூவம்மா பிடித்திருந்த சீருடையை விட்டுவிட்டாள். விடிவதற்குள் மருதப்பன் போய்விட்டார். வாசனை மட்டும் போகவில்லை.

ஆனால் அதற்குத்தான் விளக்கம் கிடைத்துவிட்டதே, எதற்கு மறுபடி மறுபடி இதையே அரைக்கிறாய் என்று தன்னையே அதட்டினாள். விரதத்தின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பேரின்பநாயகம் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னபோது அவர் வாயிலிருந்து குப்பென்று அடித்தது, பிறகுதான் சிரிப்பு வந்தது. விரத வாய்! பட்டினி கிடந்தால் யார் வாயும் அப்படித்தான் மணக்கும், உடம்பு தன் கொழுப்பைத் தானே எரிக்கும்போது வருகிற வாசனை, பயிற்சியில் முதல் வருடமே படித்ததுதானே, மருதப்பன் பாவம் ஆஸ்பத்திரியோடு போய்விட்டார், இது நம் வீட்டு வாசனை என்று எவ்வளவு நிம்மதி அன்றைக்கு. தாகமா, வெறும் வயிற்றுக்காரன் தண்ணீர்தான் குடிப்பான். ராத்திரி அடிக்கடி எழும்புகிறாரா, குடித்த தண்ணீர் வேறெங்கே போகும்? மெலிவு, சோர்வு, பகல் தூக்கம்... ஒவ்வொன்றுக்கும் முருகன் பெயரில் ஒரு பதில் இருந்தது. அவரும் அதையேதான் சொன்னார், "எனக்கு ஒண்டுமில்லை, நீர் ஆஸ்பத்திரிக் கண்ணாலை என்னைப் பாக்காதையும்." சரி என்று அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டாள். வார்டில் நர்ஸ், வீட்டில் பெண்டாட்டி, இரண்டும் ஒன்றாக இருந்தால் எந்தப் புருஷனுக்குத்தான் பிடிக்கும்?

எறும்பு மறுபடி வந்துவிட்டது. இப்போதுதான் வாளித் தண்ணீர் ஊற்றி அடித்துவிட்டாள், அதற்குள் சுவரோரமாக ஒரு சாரை, அவசரமே இல்லாமல், வழி தெரிந்த நடை. மாடி வீட்டு சாயிரா பானு நேற்றுக்கூட எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், "என்னா மிஸ்ஸி, எறும்புக்கெல்லாம் விருந்து வைக்கிறீங்களா? வீட்டுக்காரருக்கு டீயைக் கையில குடுங்க லா, கொட்டிக் கொட்டித்தான் வருது." இவளும் சிரித்து வைத்தாள். டீயா? எந்த டீ? விரதம் தொடங்கியதிலிருந்து இந்த வீட்டில் பால் டின் திறக்கவில்லை, அவருக்கு முன்னால் குடிக்க மனம் வராமல் அவளும் ஆஸ்பத்திரியிலேயே குடித்துவிட்டு வருகிறாள், சிந்தி இறைக்கப் பிள்ளையா குட்டியா... அது சமையற்கட்டுக்குப் போகிற சாரை இல்லை. ஈரக் கையோடு குனிந்து பார்த்தாள். குழாயைத் தாண்டி, வாளியைச் சுற்றி, மூலையில் தண்ணீர் போகிற துவாரத்துக்குப் போகிறது, பின்கட்டுக் கக்கூசுக்கு மழையில் நடக்கச் சோம்பி ராத்திரியில் அவர் போய் நிற்கிற மூலைக்கு. அங்கே கறுப்பாக மொய்த்துக் கிடந்தது. பட்டினி கிடப்பவன் வாய் மணக்கும், சரி. பட்டினி கிடப்பவன் நீரிலும் அந்த மணம் இறங்கும், அதுவும் சரி. சர்க்கரை எப்படி இறங்கும்? ஆறு நாள் தண்ணீரும் மிளகுமாகக் கிடந்தவனுடைய நீரை விளக்கில் காட்டினால் மருந்து நீலமாகத்தானே இருக்கவேண்டும், நீலமாகவே, கடைசிவரை நீலமாகவே... எறும்புக்கு விளக்கு வேண்டாம், குழாய் வேண்டாம், முருகன் பெயரும் வேண்டாம். இடுப்புவாருக்கு ஓட்டை போட்டது விரதத்துக்கு முன்னால். முன்னால்தான். தீபாவளிக்கு வாங்கிய காற்சட்டை நிற்கவில்லை என்று, அடுப்படியில் உட்கார்ந்து, ஆணியைச் சூடாக்கி, இரண்டு பேருமாகச் சிரித்துக்கொண்டே. ஐயோ, வாசனை வார்டிலிருந்து வரவே இல்லை. சீருடையைப் போட்டு அடி அடி என்று அடித்தாளே, அது எப்போதும் சுத்தமாகத்தான் இருந்தது.

கூடத்தில் மூச்சு கேட்டது. நல்ல ஆழமான மூச்சு என்று சற்றுமுன் நினைத்தாளே, அதே மூச்சு, உள்ளே போக ஓர் இழுப்பு, வெளியே வர ஒரு தள்ளல், இடையில் ஓய்வே இல்லாமல், படுத்திருக்கிற மனிதர் எங்கே ஓடுகிறார் இப்படி? அவர் எப்போது படுத்தார் என்றுகூடத் தெரியாதே, அவள் வேலை முடிந்து வந்தபோதே தூங்கிக்கொண்டுதானே இருந்தார், காலடிச் சத்தம் கேட்டால் எழும்பிவிடுவாரே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை நடை நடந்து வந்தாளே, நல்லாத் தூங்கட்டும் என்று. சீருடை கையிலிருந்து நழுவி எறும்புகளின் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக டாக்சி எங்கே கிடைக்கும், கோயில் கூட்டத்துக்கு இந்நேரம் ரோட்டை அடைத்திருப்பார்களே, மாடியிலிருந்து சாயிரா பானுவைக் கூப்பிட வேண்டும், எல்லாம் செய்ய வேண்டும், முதலில் அவரைத் தொட வேண்டும். திரைவரை நடந்தாள். திரையை விலக்கினால் தெரிந்துவிடும், அதனால் விலக்கவில்லை, ஒரு கணம், துணியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ..."

மூச்சுதான். மழைத் தூறல் தகரத்தில் விழுகிற சத்தம். தெருவில் யாரோ பூக்காரனோடு பேரம் பேசுகிறார்கள்.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ, கோயிலுக்கு நேரமாச்சு."

"உம்" என்றார்.

அப்பாடா என்று நெஞ்சு இறங்கியது, பிடித்திருந்த துணிகூடக் கையில் தளர்ந்தது, போன உயிர் திரும்பி வந்த மாதிரி அவ்வளவு நிம்மதி... பூவம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.