கேப்டன் பாரோமீட்டருக்குப் பத்துப் பேர்

பகல் ஒரு மணி வரை கேப்டன் பாரோமீட்டரை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை.

நான் குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில் நின்று, யார் யாரை எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தேன். நம்பா என்னும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த விளையாட்டுக்கூடத்தில், எங்கள் சண்டை விளையாட்டு முதன்முறையாக வெளியாட்களின் கைக்கு வந்த நாள் அது. விளையாட்டு இன்னும் முடியவில்லை. இப்படி ஒருநாள் வைத்துப் பார்ப்போம். பிறகு திருத்துவதைத் திருத்தி, வெட்டுவதை வெட்டி, மூன்று மாதம் கழித்து விற்போம். அன்று மட்டும் செய்தவர்கள் யாரோபோல ஒரு மூலையில் நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அது கஷ்டமான விதி அல்ல.

விளையாட்டில் எங்கள் கம்பெனியின் சண்டைக்காரர்கள் எட்டுப் பேர். அவர்களோடு மோத அமெரிக்கக் காமிக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர், கேப்டன் பாரோமீட்டர் அவர்களில் ஒருவர். ஆனால் விற்கப்போகும் இயந்திரத்தின் நினைவகச் சில்லில் பதினைந்து பேருக்குத்தான் இடம் இருந்தது.

எங்கள் குழுத் தலைவர் துஜினோ காலையிலேயே சொல்லிவிட்டார்.

"ஆறு மணி வரைக்கும் பார்க்கறேன் இசேகி-சான். பாரோமீட்டரைப் பத்துப் பேராவது எடுக்கணும். இல்லேன்னா அவரைத் தூக்கிடுவேன். கோவிச்சுக்காதே."

கோபம் வரவில்லை. எட்டு மாதமாக அந்த ஆளோடுதான் இருந்தேன். மழைக்கோட்டு, குடை, சின்னத் தொப்பை. காற்றழுத்தத்தை ஏற்றி இறக்குவது அவருடைய சக்தி. நான் கல்லூரியில் வானிலையியல் படித்தவள் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். மற்ற வீரர்களுக்கு அடியும் உதையும் போதும். இவருக்கு நான் காற்றையே நிரலாக எழுதினேன். நொடிக்கு அறுபது முறை அவரைச் சுற்றியுள்ள அழுத்தம் கணக்கிடப்படும். அவர் குடையை விரித்தால் அழுத்தம் இறங்கும். சுற்றியுள்ளதெல்லாம் அவர் பக்கம் வளைந்து வரும்.

அது யாருக்கும் தெரியவில்லை. தெரியப்போவதும் இல்லை போலிருந்தது.

"அழப்போறியா?" என்றாள் நமிகாவா. பாரோமீட்டரை வரைந்தவள் அவள். என்னைவிட நான்கு வயது பெரியவள், என்னைவிட நாற்பது மடங்கு சத்தம்.

"இல்ல."

"அப்போ போய் வரிசையில நில்லு. நீயே எடுத்து ஆடிக் காட்டு."

"நாம ஆடக் கூடாதே."

"நாமதான் செஞ்சோம்னு சொல்லக் கூடாது. அவ்வளவுதான் விதி. உன்னை யாருக்குத் தெரியும்? ஆபீஸ்லயே பாதிப் பேருக்குத் தெரியாது."

"கூட்டம் பார்த்தா எனக்குக் கை நடுங்கும் நமிகாவா-சான்."

"நடுங்கட்டும். கைப்பிடியை வேகமா ஆட்டறதுக்கு நல்லதுதான்."

குறிப்பேட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். நான் எடுப்பதைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

வரிசை படிக்கட்டு வரை இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர். அங்கே நின்ற பிறகுதான் காரணம் புரிந்தது.

"அந்தத் தொப்பைக்காரரை எடுத்துப் பாரேன்டா," என்றான் ஒருவன்.

"மூணு மணி நேரம் நின்னுட்டா? தோத்தா எழுந்திரிக்கணும்டா. நீ எடு. நான் வந்து மாலை போடறேன்."

ஜெயித்தவர் உட்கார்ந்தே இருப்பார். தோற்றவர் எழுந்து மறுபடி வரிசையின் கடைசிக்குப் போவார். ஒரே ஓர் ஆட்டத்துக்காக இவ்வளவு நேரம் நிற்பவன், தெரியாத ஆளை எப்படி நம்புவான்? ஆபீசில் இருந்த எங்கள் யாருக்கும் இது தோன்றவில்லை.

நாலேகாலுக்கு என் முறை வந்தது. எங்கள் விளையாட்டின் இரண்டு இயந்திரங்களும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. எதிரே ஆடுபவர் தெரியமாட்டார். அவர் தொடர்ந்து பதினோரு ஆட்டம் ஜெயித்தவர் என்று மட்டும் திரை சொன்னது. நெருப்புருண்டை எறியும் துறவியை வைத்திருந்தார்.

நான் கேப்டன் பாரோமீட்டரை எடுத்தேன். பின்னால் சிரிப்பு கேட்டது.

"அக்கா, தப்பா அமுக்கிட்டீங்களா?"

காது சூடானது. திரையை மட்டும் பார்த்தேன். துறவி நெருப்புருண்டையை எறிந்தார். நான் குடையை விரித்தேன். உருண்டை வளைந்தது. பாரோமீட்டரின் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியே போய்த் துறவியின் முகத்தில் வெடித்தது.

"டேய்! திரும்பிப் போகுதுடா!"

துறவி இன்னும் ஆறு எறிந்தார். ஆறும் அவருக்கே போய்ச் சேர்ந்தன. இரண்டாவது சுற்றில் அவர் எறிவதை நிறுத்திவிட்டு உதைக்க வந்தார். மயிரிழையில்தான் ஜெயித்தேன். கை நடுங்கியதா என்று நினைவில்லை.

எதிர்ப்பக்கத்தில் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். யாரோ பலமாக மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இருங்க அக்கா, நானும் அந்தத் தொப்பைக்காரரையே எடுக்கறேன்!" என்று இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தடித்த குரல் வந்தது.

முதல் ஆள். நமிகாவா முதல் கோட்டைப் போட்டிருப்பாள்.

திரையில் இரண்டு பாரோமீட்டர்கள் எதிரெதிரே நின்றார்கள். இருவரும் ஒரே நேரத்தில் குடையை விரித்தோம்.

அப்போதுதான் என் தப்பு எனக்குத் தெரிந்தது. எட்டு மாதத்தில் இரண்டு பாரோமீட்டர்களை நான் மோதவிட்டுப் பார்க்கவே இல்லை. ஒருவரையே யாரும் எடுக்காதபோது இருவர் எங்கே வருவார்கள்?

இருவர் கால்களும் தரையைவிட்டு எழும்பின. ஒருவர் அழுத்தம் மற்றவரை இழுத்தது. தொட்டுக்கொள்ளவில்லை. தொப்பையும் குடையுமாக, திரையின் நடுவில் ஒருவரையொருவர் சுற்ற ஆரம்பித்தார்கள். மெதுவாக. பிறகு வேகமாக.

அடிக்கும் பொத்தானை அமுக்கினேன். அடி விழவில்லை. நிறுத்தவும் முடியவில்லை.

படிக்கட்டுப் பக்கமிருந்து ஒருவர் கத்தினார்.

"டேய், இது ரெட்டைப் புயல்டா!"

செப்டம்பரில் கடலில் இரண்டு புயல்கள் நெருங்கி வந்தால் இப்படித்தான் சுற்றும். தொலைக்காட்சி வானிலையில் எல்லோரும் பார்த்ததுதான். அதைப் பற்றிப் பரீட்சையில் நான் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். என் காற்று அந்தப் பாடத்தை என்னைவிட நன்றாக நினைவு வைத்திருந்தது.

கூடமே சிரித்தது. எதிர்ப்பக்கத்துக் குரல் மூச்சுவிட முடியாமல் சிரித்தது. நேரம் தீர்ந்தது. சமன். இரண்டாவது சுற்றில் இருவரும் தெரிந்தே குடையை விரித்தோம். மறுபடியும் சமன். சமன் என்றால் இருவரும் தோற்றதாகக் கணக்கு, இருவரும் எழ வேண்டும். எதிரே இருந்து தபால்காரச் சீருடையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"மூணு மணி நேரம் நின்னு, ஒரு அடிகூட அடிக்கலை," என்றார். "இப்படி ஒரு ஆட்டத்தை நான் ஆடினதே இல்ல அக்கா."

தலையைக் குனிந்து வணங்கினேன். இரண்டு முறை.

காலியான இரண்டு இருக்கைகளிலும் அடுத்த இருவர் ஓடி வந்து உட்கார்ந்தார்கள். இருவரும் பாரோமீட்டரைத்தான் எடுத்தார்கள். அதற்குப் பின் வந்தவர்களும். ஒருவன் சுற்றலிலிருந்து தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தான். குடையை மடக்கி விரித்தால் மற்றவர் எறியப்படுவார். அதை நான் எழுதவில்லை. காற்றே எழுதிக்கொண்டது.

ஆறு மணிக்கு நமிகாவா குறிப்பேட்டை துஜினோவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். இருபத்தெட்டு. என்னைச் சேர்க்காமல்.

துஜினோ கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"அந்தச் சுத்தல் பிழைதானே இசேகி-சான்?"

"ஆமா. மன்னிச்சிருங்க. நாளைக்கே சரி பண்ணிடறேன்."

"அதைத் தொட்டியோ, அப்புறம் உன்னைத் தூக்கிடுவேன்."

"ஆனா சில்லுல இடம்..."

அவர் தலையைச் சொறிந்தார். விளையாட்டின் கோவில் காட்சியில் பின்னணியாக ஓடும் அருவி அவர் கையாலேயே வரைந்தது. சில்லில் அதற்கு மட்டும் நாற்பது படங்களின் இடம் போனது. ஒருவரையும் தொடவிடமாட்டார்.

"அருவியை எடுத்துடு," என்றார். "சீக்கிரம் எடு, நான் மனசு மாறறதுக்குள்ள."

"மழை இல்லாத வருஷம்னு வச்சுக்கலாம் துஜினோ-சான்," என்றாள் நமிகாவா.

அவர் அவளை முறைத்துக்கொண்டே வரிசையின் கடைசியில் போய் நின்றார்.