வயிற்றெரிச்சல்

"உள்ளயே குடித்தனம் வெச்சிட்டியா?" என்று மாமியார் கழிப்பறைக் கதவைத் தட்டினாள். உள்ளே சின்ன மருமகள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி, வலது காலைக் கதவில் ஊன்றி அழுத்தியிருந்தாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருந்த இடத்தில் நாலு திருகாணி ஓட்டைகள் மட்டும்.

கழற்றியது மூத்த மருமகள் காலத்தில். அவளுக்கும் இதே வலிதான். ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல். "வேலைக்கு டிமிக்கி குடுக்க உள்ள போய் உக்காந்துக்கிறா" என்று மாமியார் முடிவுகட்டினாள். மகன்கள் வாயைத் திறக்கவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவே இல்லை. அவளைப் பற்றி இங்கே யாரும் மூச்சு விடுவதில்லை. ஆனால் கதவின் அடியில் அவள் கால் ஊன்றி ஊன்றிச் சாயம் போயிருந்தது. சின்னவளின் பாதம் அளவெடுத்தது போல அதில் பொருந்தும். பக்கத்திலேயே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல அவளுக்கு உடம்பு சிலிர்க்கும். அடுத்தது நான்தானோ என்று பயம் வரும்.

டாக்டர் அதைக் குடல் எரிச்சல் நோய் என்றார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் வலி நிஜம், மனசு பதறினால் இன்னும் கூடும் என்றார். வீட்டில் சொன்னதும் மாமியாருக்குச் சிரிப்பு.

"வயித்தெரிச்சலா? அதுக்கு மாத்திரை வேறயா? யாரப் பாத்தும்மா உனக்கு வயித்தெரிச்சல்?"

அன்றிலிருந்து சின்னவளுக்கு அதுவே பேராயிற்று.

ஒரு மத்தியானம், தூரத்தில் கட்டிக்கொடுத்த மகள் பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். அம்மா மடியில் முகம் புதைத்து அழுதாள்.

"எப்பப் பாத்தாலும் வயிறு வலிக்குதும்மா. நடிக்கிறேன்னு சொல்லித் தாழ்ப்பாளக் கழட்டிட்டாங்க."

"மனுஷங்களா அவங்க? பெத்த வயிறு எரியுதுடி" என்று மாமியார் மாரில் அடித்துக்கொண்டாள். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் சின்னவளுக்குத் தாங்கவில்லை.

மகள் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கல்யாணமாகிப் போனபோது அதில் தாழ்ப்பாள் இருந்தது. உள்ளே விரல்கள் மரத்தைத் தடவித் தேடுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அம்மா, இங்கயுமா?"

சின்னவள் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"பதறாம இரு. நான் வெளிய நிக்கிறேன்."

"அடுப்புல வேல கெடக்கு" என்றாள் மாமியார், பழக்க தோஷத்தில்.

"கெடக்கட்டும் அத்தை. தாழ்ப்பாள் வர்ற வரைக்கும் நான் இங்கதான்."

உள்ளே கதவை அழுத்திக்கொண்டிருந்த கால் மெல்லத் தரையில் இறங்குவது கேட்டது.