ஓட்டையை அடைத்தவள்

பிரவுசர் தயாரிக்கும் நிறுவனத்தில் பாதுகாப்பு ஓட்டை தேடுவதுதான் அவள் வேலை. இந்தத் தடவை அகப்பட்டது சாதாரண ஓட்டை அல்ல. இரவுச் சாப்பாட்டின்போது கணவனுக்கு விளக்கினாள். அவன் பல் மருத்துவன்.

"மெமரில ஒரு இடத்தைக் காலி பண்ணினப்புறமும் பிரவுசர் அதே இடத்துக்குப் போய் எட்டிப் பார்க்குதுங்க. குடியிருந்தவர் போயாச்சு, உள்ளே திருடன் உட்கார்ந்திருக்கான். அவன் சொல்றதையெல்லாம் இது செய்யுது."

"மண்டுப் பிரவுசரா இருக்கே!"

"அடைச்சாச்சு. அப்டேட்டும் வந்தாச்சு. கிளினிக்ல மறக்காம போட்டுடுங்க."

"ஆகட்டும்."

மறுநாள் கிளினிக்கில் ஒருவரை அவன் காய்ச்சிக்கொண்டிருந்தான். "சொத்தை சின்னதா இருக்கும்போதே வரக்கூடாதா? நாளைக்கு நாளைக்குன்னா பல்லு காத்துட்டிருக்குமா?" திரும்பினால், அப்டேட் போட பிரவுசரை மூடித் திறக்கட்டுமா என்று கணினி கேட்டது. பாதி பார்த்த சதுரங்க ஆட்டம் போய்விடுமே! 'பிறகு' என்பதை அழுத்தினான். அந்த வாரம் முழுக்க அழுத்தினான்.

அடைத்த இடத்தைப் பார்த்தால் ஓட்டை எங்கிருந்தது என்று திருடனுக்கும் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டான்; அப்டேட் போடாதவர்களைத் தேடிப் புறப்பட்டான்.

அலுவலகத்தில் அவளைப் பாராட்டிக் கேக் வெட்டிக்கொண்டிருந்தபோது கணவன் அழைத்தான்.

"என் பேர்ல பேஷன்ட்ஸ் எல்லாருக்கும் மெயில் போயிருக்கு. நான் வெளிநாட்டு ஜெயில்ல கிடக்கேனாம், பணம் அனுப்பணுமாம்! நாற்காலியில வாயைத் திறந்துட்டிருந்தவரே போனைப் பார்த்துட்டு, 'டாக்டர், எப்ப விட்டாங்க?'ன்னு கேக்கறார்."

அவள் ஓடிவந்தாள். இணைப்பைத் துண்டித்து, கணினியைத் துடைத்து, கடவுச்சொற்களை மாற்றினாள். துடைக்கும் முன்பே திருடன் உள்ளே வந்த வழியைப் பார்த்துவிட்டாள். அவள் கண்டுபிடித்த அதே ஓட்டை.

"எத்தனை நாளா இருந்த ஓட்டை இது?" என்றான் அவன்.

"வருஷக்கணக்கா."

"அப்பல்லாம் யாராவது வந்தானா?"

"தெரிஞ்சவரைக்கும் இல்லை."

"நீ அடைச்சப்புறம்தான் வந்திருக்கான். சும்மா இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது!"

அபத்தம்தான். ஆனால் முழுக்கப் பொய்யென்றும் தள்ள முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

'டாக்டர் சிறையில் இல்லை' என்று எல்லாருக்கும் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அவன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான்.

"'என் மனைவி கண்டுபிடித்த ஓட்டை வழியாக'ன்னு சேர்த்துக்கோ."

"எதுக்குங்க?"

"உனக்கும் நாலு பேர் மத்தியில பேர் கிடைக்கட்டுமேன்னுதான்."