இடமிருந்து மூன்றாவது ஆள்

எங்கள் ஊர்ப் பாலத்தின் எழுபதாம் ஆண்டுக்காக நான் பத்திரிகைக்குத் தயாரித்த புகைப்படத் தொகுப்பில் கடைசிப் படம் மட்டும் பாக்கி. படம் இருந்தது, ஆனால் தீப்பெட்டி அளவு. அச்சில் பெரிதாக்கினால் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறிவிடும்.

இரும்புத் தூலத்தின் மேல் ஐந்து தொழிலாளர்கள். இடமிருந்து மூன்றாவது ஆள் தன் அப்பா என்று ஓய்வுபெற்ற நர்ஸம்மா சொல்லியிருந்தார். நர்ஸம்மாவுக்கு இரண்டு வயதானபோது பாலத்து வேலையில் விழுந்து இறந்தவர். வீட்டில் அவர் படம் எதுவும் இல்லை. இணையத்தில் இதைக் கண்டெடுத்து, கண்ணாடி போட்டு, எட்டு வருடமாகக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

பத்திரிகை ஆசிரியர் போனில் பொரிந்து தள்ளினார். "ஒரு படத்துக்கு மூணு நாளாய்யா? குதிரைக் கொம்பா கேட்டேன்?"

"பெரிய படம் கிடைக்கணும் சார்."

"கிடைக்கலேன்னா சின்னதையே போடு. வெள்ளிக்கிழமை அச்சு."

இணையத்தில் படத்தையே கொடுத்துத் தேடினேன். அறுபத்தோரு இடங்களில் இருந்தது. எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுக்கும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், தெளிவு கொஞ்சம் குறையும். ஆகவே ஓரம் அதிகமுள்ள படம் மூலத்துக்கு அருகில் இருக்கிறது. இப்படியே வரிசைப்படுத்தினால் படத்தின் வம்சாவளியையே எழுதிவிடலாம். இந்த வேலையில் இறங்கினால் எனக்குச் சாப்பாடு மறந்துபோகும். ஞாபகப்படுத்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

ஐம்பத்தொன்பது படங்கள் ஒரே பக்கத்தில் போய் முடிந்தன. பதினோரு வருடத்துக்கு முந்தைய வலைப்பதிவு. அதன் பச்சைத் தலைப்பைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது.

அது என்னுடையது. எங்கிருந்தோ எடுத்துப் போட்டு மறந்தே போன படம். அப்போது இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தோம். "பாலம் மாதிரிதான் இருக்கு, போடுங்க," என்று மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். 'பாலத் தொழிலாளர்கள்' என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

என் பக்கம் போக மிச்சமிருந்த ஒன்று, தொலைதூர ஆவணக்காப்பகத்தில் இருந்தது. பெரிய படம், நல்ல தெளிவு. மற்ற எதிலும் இல்லாத இடது ஓரத்தில் இன்னொருவர் நின்றார், பின்னால் பாதி வேய்ந்த கூரை. மூன்றாவது ஆள் இப்போது நான்காவது ஆள். கீழே குறிப்பு: தானியக் கிடங்கு, வேறு ஊர், பாலம் கட்டுவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு. அன்று நர்ஸம்மாவின் அப்பாவுக்கு வயது பத்து.

போன் செய்தேன்.

"அது நம்ம பாலம் இல்லம்மா. தப்பா எழுதினது நான்தான்."

அவர் எழுந்து கூடத்துக்கு நடந்துபோவது போனில் கேட்டது.

"அப்ப அந்தக் காது? என் காது மாதிரியே இருக்கேப்பா."

"வேற யாரோ ஒருத்தரும்மா."

"எட்டு வருஷமா காலையில எழுந்ததும் அவர்கிட்டதான் பேசுறேன். முட்டி வலி முதக்கொண்டு எல்லாம் சொல்லியாச்சு. பாவம், யாரு பெத்த பிள்ளையோ, வாயே திறக்காம கேட்டுக்கிட்டு இருந்திருக்கு." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கழட்டணுமா?"

"தெரியலம்மா."

"அவர் வீட்டுலயும் யாராச்சும் தேடிக்கிட்டு இருப்பாங்கல்ல? நீ கண்டுபிடி. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை, கடைசிப் பக்கத்தில் படமில்லாமல் நர்ஸம்மாவின் அப்பா பெயர் மட்டும் வந்தது.

அந்த ஆறு பேர் யார் என்று ஆவணக்காப்பகத்துக்கு எழுதியிருக்கிறேன். படத்தைப் போட்டிருக்கும் ஐம்பத்தொன்பது பேருக்கும் திருத்தம் அனுப்பினேன். இதுவரை ஒருவர்தான் பதில் போட்டார்: "உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா?"

பதினோரு வருடத்தில் அந்தப் படத்தைப் பற்றி என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள்.