குளிர்ந்த அடுப்பு

நிலக்கரியைச் சுட்டுக் கோக் எடுக்கும் ஆலையின் வாசலில், காற்றுப் பெட்டியிலிருந்து எடுத்த வடிதாள் சாம்பல் நிறத்தில் இருந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எடுத்ததோ தார் பூசியதுபோலக் கறுப்பு. போலந்தில், எங்கள் சிலேசியாவில் ஜனவரி என்றால் இப்படித்தான். கோடையில் ஆலைப் பக்கம் அழுக்கு. குளிர் இறுகிக் காற்று நின்றுபோய், வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு எரியத் தொடங்கினால் ஜனங்கள் தூங்கும் தெரு ஆலையை மிஞ்சிவிடும். காற்றை அளக்கும் இரண்டு பெட்டிகளிலும் தாள் மாற்றுவது பதினோரு வருடமாக என் வேலை.

தெருப் பெட்டி அலோய்ஸின் வேலியை ஒட்டி நிற்கிறது. அவர் ஓய்வுபெற்ற சுரங்கக்காரர். நெஞ்சில் ஏற்கெனவே கரித்தூள். அக்டோபரில் மனைவி ஹில்டா இறந்தபின், நான்தான் நச்சரித்து அடுப்பை அணைக்கவைத்து, மின்சாரக் கணப்பு வாங்கவைத்தேன்.

அன்று காலை வேலியோரம் வந்து நின்றார். "போக்னா, ஹில்டா வந்துட்டுப் போறா" என்றார், தபால்காரர் வந்துபோனதைச் சொல்வதுபோல. தினமும் காலை ஒன்பது மணிக்கு அடுப்பு மூட்டுகிறாளாம். இவருக்குக் கொஞ்சம் தலை வலிக்கிறதாம், வேறொன்றும் இல்லையாம்.

உள்ளே போனேன். அடுப்பைத் தொட்டேன், பனிக்கட்டி. சாம்பல்கூட இல்லை. ஆனால் அதன் வாயிலிருந்து புகை இறங்கிக்கொண்டிருந்தது. மேலே எழாமல், தரையோடு தவழ்ந்து, மேசைக்காலைச் சுற்றிக்கொண்டு படுக்கையறைக்குள் போனது. தீ இல்லை, சத்தம் இல்லை. படுக்கையறையில் தலையணை முழுக்கக் கருமை படர்ந்திருக்க, நடுவில் ஒரு தலை அளவுக்கு மட்டும் வெள்ளை.

அப்புறம்தான் புரிந்தது. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு வீடு. ஒட்டினாற்போல் இரண்டு புகைபோக்கி. காற்றில்லாத நாளில், பக்கத்து வீட்டுப் புகை மேலே போக வழியில்லாமல் இவருடைய குளிர்ந்த குழாய்க்குள் இறங்குகிறது. ஜன்னல்களைத் திறந்துவிட்டேன்.

"இது பக்கத்து ரெய்னர் வீட்டுப் புகை, ஐயா. தூக்கத்துலயே ஆளக் கொன்னுடும்."

"முப்பது வருஷம் பூமிக்கடியில கெடந்தவன்கிட்ட புகையப் பத்திச் சொல்றியா?" என்றார். "எங்கேர்ந்து வருதுன்னு நான் கேக்கலியே. வருது. அது போதும்."

அன்று மதியமே ஆளை அழைத்துவந்து குழாயை அடைத்தேன். அலோய்ஸ் மறுக்கவில்லை. சிமெண்டுச் சட்டியைக்கூட எடுத்துக் கொடுத்தார். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு டிகிரி. ஒன்பது மணிக்குப் புதுத் தாளோடு வேலியருகே வந்தபோது, அவர் வீட்டு ஜன்னல் விரியத் திறந்திருந்தது. தேவாலயத்துக்குப் போடும் கோட்டைப் போட்டு, சவரம் செய்து, உள்ளே உட்கார்ந்திருந்தார். தெருவின் புகையெல்லாம் ஜன்னல் விளிம்பில் ஏறி, அவசரமில்லாமல் உள்ளே இறங்கியது. அலோய்ஸ் தன் நாற்காலியைச் சற்று நகர்த்தி வழிவிட்டார்.