அரைப்படி இறங்கிய ஊர்

எங்கள் ஊர் பதினோராவது பரோக் இசை விழாவின் முதல் நாள் காலை ஒன்பதரை மணிக்கு அரைப்படி கீழே இறங்கியது. படி என்றால் நகர மண்டபத்து வாசற்படி. அதில் பாதி, எட்டு சென்டிமீட்டர். நகராட்சி சர்வேயர் அன்று மதியமே மூன்று இடங்களில் அளந்து கையெழுத்துப் போட்ட கணக்கு இது. ஆகவே கூட்டியோ குறைத்தோ சொல்ல வழியில்லை. யாருக்கும் அடிபடவில்லை. மேசைமேல் இருந்த டீ தளும்பவில்லை. காய்கறி விலையில் மாற்றமில்லை. வெளியூர்ப் பேருந்து மட்டும் ஊர் எல்லையில் தடக்கென்று குதித்தது. ஓட்டுநர் இறங்கி வந்து சாலையைப் பார்த்துவிட்டு, "எப்போலேர்ந்து இப்படி?" என்று கேட்டார். "ஒன்பதரையிலேர்ந்து" என்றார்கள். நேர அட்டவணையின் ஓரத்தில் குறித்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

விழா என்றால் பெரிய ஆட்கள் வந்து போகும் விழா அல்ல. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பிய அரண்மனைகளுக்கும் தேவாலயங்களுக்கும் எழுதிக் கொடுத்த இசையை, வருஷத்தில் ஒரு வாரம், ஊர்க்காரர்களே கூடி வாசிப்பார்கள். பல் மருத்துவர் விழாக் குழுத் தலைவர். பல்லைப் பிடுங்கும்போதுகூட வாய்க்குள் தாளம் போடுகிறவர். தபால்காரம்மா உச்சக்குரல், பேக்கரிக்காரர் அடிக்குரல். முதல் பத்து வருஷம் மண்டபத்தில் கிடந்த பியானோவை வைத்தே ஒப்பேற்றினார்கள். பதினோராவது வருஷம்தான் நிஜமான ஹார்ப்சிகார்ட் ஒன்று வந்து இறங்கியது. இது பியானோவுக்குப் பெரியப்பா முறை. பியானோ தந்தியைச் சுத்தியலால் அடிக்கும். பெரியப்பா இறகு முள்ளால் சுண்டுவார். எவ்வளவு கோபம் வந்தாலும் அவரால் குரலை உயர்த்த முடியாது.

அதற்குச் சுருதி சேர்க்கிற பொறுப்பு, ஊரில் எல்லாப் பியானோவையும் கவனித்துக்கொள்ளும் சுருதிக்காரருடையது. ஐம்பது வயது, தனிக்கட்டை, எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். அந்தக் காலத்து இசையை அந்தக் காலத்துச் சுருதியில், அதாவது இப்போதையதைவிட அரைச்சுரம் தாழ்த்தித்தான் வாசிக்க வேண்டும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். மற்றவர்கள் அரைச்சுரம் என்பதை அவர் மட்டும் அரைப்படி என்பார். "அரைப்படி இறக்கிட்டேன்" என்று அவர் பல் மருத்துவரிடம் சொன்னதைப் பலர் கேட்டார்கள். அரைச்சுரம் என்று சொல்லியிருந்தால் விஷயம் கருவிக்குள்ளேயே முடிந்திருக்கும் என்பது சர்வேயரின் கட்சி.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவருடைய அக்கா ஒத்திகைக்கு வந்தார். பாட்டு டீச்சர், அம்மா வேலைக்குப் போன நாட்களில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடக் கற்றவர். பத்து வருஷமும் விழாவின் முதல் பாட்டு அவருடையதுதான். அவருடைய காது வேறு மாதிரியானது. கதவு கிறீச்சிட்டால் அது எந்தச் சுரம் என்று சொல்லிவிடுவார். தும்மினாலும் சொல்லுவார், தும்மியவருக்குத்தான் சங்கடம். தம்பி ஒரு கட்டையை அழுத்தியதும் அவர் கையிலிருந்த பாட்டுத்தாளைக் கீழே வைத்தார்.

"என்னடா இது?"

"இதுதாங்க்கா அந்தக் காலத்துச் சுருதி."

"தாள்ல ஒரு சுரம், காதுல வேற சுரம். நீ 'அக்கா'ன்னு எழுதி வச்சிருக்கே. எனக்கு 'அண்ணி'ன்னு கேக்குது. நான் எதைப் பாடறது?"

"ஊர்ல வேற யாருக்கும் அப்படிக் கேக்கலியே."

"எனக்குக் கேக்குது."

"உன் காது பெருசா, ஊரு பெருசா?"

"காதுதான்" என்றார் அக்கா. தம்பியின் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த சுருதிக்கவையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். இரண்டு கால் உள்ள சின்ன எஃகுக் கவை. முழங்காலில் தட்டினால் என்றைக்கும் ஒரே சுரத்தைச் சொல்லும். அப்பா போகும்போது வீட்டைத் தம்பிக்கும் கவையை அக்காவுக்கும் வைத்துவிட்டுப் போனார். இருவரும் ஒரே தெருவில், நடுவில் நாலு வீடு தள்ளி இருந்ததால், கவை இத்தனை நாளும் தம்பி பெட்டியிலேயே இருந்தது. அக்கா வீட்டுக்குப் போய் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார். ஒன்பதரைக்குப் பல் மருத்துவர் கையசைத்தார், முதல் நாதம் எழுந்தது, மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஆமாம், இப்படித்தான் இருக்கணும் என்று தலையை ஆட்டினார்கள். ஆட்டிய தலைகளோடு ஊரும் இறங்கியது. ஆட்டாத தலை ஒன்றே ஒன்று. அதனால் அந்த வீடு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. மறுநாள் தச்சர் வந்து அதன் வாசலில் அரைப்படிக்கு ஒரு பலகை அடித்துக் கொடுத்தார்.

இறங்கியதில் நன்மையும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எல்லாச் சத்தமும் கூடவே இறங்கியது. அழைப்பு மணிகள் தடிமன் பிடித்தவை போல அடித்தன. குழந்தைகள் யோசித்து யோசித்து அழுதன. சந்தையில் சண்டைக்கு நின்றவர்கள் வாயைத் திறந்ததும் தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே மரியாதை கொண்டார்கள். "சுருதியை இறக்கிப் பேசு" என்று யாரையும் மிரட்ட முடியாமல் போனது. எல்லாருக்கும் ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. நாய்கள் முதல் வாரம் தாங்களே குரைத்துவிட்டு, யார் என்று திரும்பிப் பார்த்தன. பிறகு பழகிவிட்டது.

அடுத்த வருஷம் விழா வந்தது, ஊர் இன்னொரு அரைப்படி இறங்கியது. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. பண்டிகைக்கு வெள்ளையடிப்பது போல அதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார்கள். விழா முடிந்ததும் நகராட்சி எல்லையில் சாலையைச் சரித்துப் போடும், சர்வேயர் அளப்பார், தச்சர் டீச்சர் வீட்டு வாசலில் ஒரு பலகையைக் கூட்டுவார். மூன்றாம் வருஷம் டீச்சருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. டாக்டர் வீட்டுக்கே வந்து, "அரைப்படிக்கு மேல ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது" என்று சொல்லிவிட்டு ஒன்றரைப் படியை இறங்கிப் போனார். அன்றிலிருந்து டீச்சர் வெளியே வரவில்லை. பிள்ளைகள் மேலே போய்ப் பாடம் கேட்டார்கள். சுருதிக்காரர் தினமும் ரொட்டி வாங்கப் போகும்போது அந்தப் பலகைகளைப் பார்ப்பார், எண்ணுவார், ஒருமுறை முதல் பலகையில் காலைக்கூட வைத்தார். பிறகு செருப்பில் ஏதோ ஒட்டியிருப்பது போலத் தேய்த்துவிட்டு நடையைக் கட்டினார். ரொட்டிக்கு அந்த வழியாகப் போகவேண்டிய அவசியம் இல்லை. பேக்கரி எதிர்த் திசையில் இருந்தது.

ஐந்தாம் வருஷம் இரண்டு சங்கதிகள் நடந்தன. உச்சக்குரல் தபால்காரம்மா முதல் வரியைப் பாடியபோது அலமாரியை இழுப்பது போல ஒலித்தது. பேக்கரிக்காரரின் அடிக்குரல் கேட்கவே இல்லை, காலடியில் லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். விழா முடிந்து அளந்த சர்வேயர், அடுத்த அரைப்படியில் ஆற்றுத் தண்ணீர் பள்ளிக்கூட வாசலுக்குள் வந்துவிடும் என்று எழுதிக் கொடுத்தார். பல் மருத்துவர் குழுவைக் கூட்டினார்.

"வருஷத்துக்கு எவ்வளவு இறக்கறீங்க?" என்று சுருதிக்காரரைக் கேட்டார்.

"அரைப்படிதான் சார். ஒரு மயிரிழை கூடக்குறைய இல்லை."

"எதுலேர்ந்து?"

"கவை கையில இல்லீங்களே. மணிக்கூண்டு மணியை வச்சுத்தான்."

"மணி எங்க இருக்கு?"

"மணிக்கூண்டுல."

"மணிக்கூண்டு எங்க இருக்கு?"

சுருதிக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே வைத்திருந்தார். பல் மருத்துவர் தொழில் பழக்கத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார். மணிக்கூண்டு ஊரில்தான் இருந்தது. ஊரோடு மணியும் ஐந்து தடவை இறங்கியிருந்தது. இறங்கிய மணியிலிருந்து இவர் வருஷா வருஷம் இன்னும் அரைப்படி இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். இறங்காத சுரம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது ஒரு கைப்பைக்குள் இருந்தது.

மறுநாள் காலை சுருதிக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு போய் மூன்றாவது பலகையில் நின்றார். மீதி இரண்டில் ஏறவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. அக்கா நாற்காலியில், முழங்காலின்மேல் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார்.

"மணி இறங்கியிருக்குக்கா" என்றார் தம்பி. ஐந்து விழாக்களுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது.

"தெரியும். ரெண்டாவது வருஷமே தெரியும்."

"சொல்லியிருக்கலாமே!"

"கேட்டா சொல்லியிருப்பேன்."

"நீதான் பேசலியே."

"நீதான் கேக்கலியே. ரொட்டி வாங்கவே தினம் இந்தப் பக்கம் வர்ற ஆளு, உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன? பலகை உடைஞ்சா போகும்?"

தம்பி கீழே பலகையைப் பார்த்தார். "நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார், பலகையிடமே.

"எப்படி?"

"காது பெருசா, ஊரு பெருசான்னு."

"அதுக்குத்தான் பதில் சொல்லிட்டேனே" என்றார் அக்கா. "மேல வா. தலைக்கு மேல வெயில் அடிக்குது."

அவர் மேலே போனார். அக்கா கவையை எடுத்து நல்ல முழங்காலில் தட்டி அவர் காதருகே பிடித்தார். இத்தனை வருஷமாகத் தாழ்ந்தே கேட்டுப் பழகிய காதுக்கு அந்தச் சுரம் கூரையில் நின்று கூப்பிடுவது போல இருந்தது. சுருதிக்காரர் மூக்கை உறிஞ்சினார். தூசி என்றார். பிறகு இருவரும் வேலை பேசினார்கள். தந்திகளை ஒரேயடியாக இவ்வளவு தூரம் இழுத்தால் அறுந்துவிடும். அது இருவருக்கும் தெரியும். வாசலில் பலகையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தச்சர்தான், கேட்காத காதோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தலையை உள்ளே நீட்டினார். "தந்தியை ஏன் தொடறீங்க? கட்டை வரிசையை மொத்தமா எடுத்துப் பக்கவாட்டுல நகர்த்தி வச்சிடறேன். ஒரு கட்டை தள்ளினா அரைப்படி ஏறிடும். எத்தனை வேணும்?"

"அஞ்சு" என்றார் தம்பி உடனே. "அக்கா பழையபடி பாடணும்."

"நாலு" என்றார் அக்கா.

"நாலு தள்ளினா அரைப்படி குறையுமேக்கா. உனக்கு அண்ணின்னு கேக்குமே."

"அந்த இசைக்கு அதுதானே சரியான சுருதி? நீ முதல் வருஷம் வச்சது சரிதான், தப்பு சொல்ல மாட்டேன். நாலு தள்ளு. மிச்ச அரைப்படி நான் இறங்கிக்கறேன். டாக்டர் அதுக்கு அனுமதி குடுத்திருக்கார்." கம்பளியைச் சரிசெய்துகொண்டு மேலும் சொன்னார்: "ஒரு வாரத்துக்கு என்னை அண்ணின்னே கூப்பிடு. ஒண்ணும் குறைஞ்சுட மாட்டேன்."

பதினாறாவது விழாவின் முதல் நாள், காலை ஒன்பதரைக்கு, நாலு கட்டை நகர்த்திய ஹார்ப்சிகார்டில் சுருதிக்காரர் முதல் நாதத்தை எழுப்பினார். அன்று வாசிப்பை மண்டபத்தில் வைக்கவில்லை. டீச்சர் வீட்டு வாசலில், நடுத்தெருவில் வைத்தார்கள். கூடியிருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள், ஊர் சொல்லிவைத்தாற்போல இரண்டு படி மேலே வந்தது. டீச்சர் வாசலில் தச்சர் அடித்த ஐந்து பலகைகளில் நாலு மண்ணுக்குள் போயின, ஒன்று மிஞ்சியது. அவர் கைத்தடியை ஊன்றி அந்த அரைப்படியை இறங்கினார். இறங்க ஒரு நிமிஷம் பிடித்தது. அதுவரை தம்பி அதே நாதத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தார், யாரும் இருமவில்லை. பிறகு டீச்சர் பாடினார். முதல் வரியில் முகம் சுளித்தார், ஊரே பார்த்தது. இரண்டாம் வரியிலிருந்து அதை மறைத்துக்கொண்டார். மூன்றாவதில் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

பக்கவாட்டில் நகர்த்தியதன் விளைவைப் பாட்டு முடிந்த பிறகுதான் கவனித்தார்கள். கட்டைகளைப் போலவே வீடுகளும் நாலு நாலாகத் தள்ளிப் போயிருந்தன. தெருக்கோடியில் இருந்த கடைசி நாலு வீடுகள் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் நின்றன. கருவியிலும் கடைசி நாலு கட்டைகளுக்குத் தந்தி இல்லாமல் போயிருந்ததால் யாரும் ஆச்சரியப்படவில்லை. நகராட்சி அங்கே ஒரு தெருவிளக்குப் போட்டுக் கொடுத்தது. தபால்காரம்மா ஒரு வாரம் திணறி, எட்டாம் நாள் சரியாகிவிட்டார். டீச்சர் வீடு மட்டும் வழக்கம் போல நகரவில்லை. அதனால் பக்கத்திலிருந்த நாலு வீடுகளும் அதைச் சுற்றிக்கொண்டு அந்தப்புறம் போய் நின்றன, ஐந்தாவதாக வந்த சுருதிக்காரர் வீடு அதன் சுவரை ஒட்டி நின்றது.

இப்போது கவை இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. விழாவுக்கு அதை வைத்துத்தான் சுருதி சேர்க்கிறார்கள், ஊரும் நகராமல் நிற்கிறது. இரண்டு வாசலுக்கும் நடுவில் அந்த அரைப்படி இன்னும் இருக்கிறது. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் மட்டும் மாதம் ஒருமுறை அதில் தடுக்கிக்கொள்வார். டீச்சர் தினமும் காலையில் அதை இறங்கித் தம்பி வீட்டுக்கு டீ குடிக்கப் போகிறார். விழா வாரத்தில், "வாங்க அண்ணி" என்கிறார் தம்பி. அன்றைக்கு அஞ்சு வேண்டாம், நாலு போதும் என்று சொன்னபோது, இரண்டு வீட்டுக்கும் நடுவில் எத்தனை வீடு என்று டீச்சர் எண்ணிவைத்துத்தான் சொன்னாரா என்பதை இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்.